படுக்கை நான்குருளைப் பொறியும் முன்சில்லு இயக்கமும்

யாழ்ப்பாண நகரிலிருந்து பண்ணைத் தாம்போதி வழியே தீவகம் நோக்கிச் செல்வோர் கடலைக் கடந்ததும் காணும் ஊர்களுள் ஒன்று அல்லைப்பிட்டியாகும். அவ்வூரின் மணலைத் தோண்டிய ஆராய்ச்சியாளர், பதினோராம் பன்னிரண்டாம் நூற்றாண்டுகளுக்குரிய சீனப் பீங்கான் ஓடுகளைக் கண்டெடுத்துள்ளனர். தொலைதேயத்தார் ஆக்கிய பொருள்கள் கடல்வழி வந்து நம் மண்ணிலே தங்கிவிடுதல் இன்று நேற்றுத் தோன்றிய வழக்கமன்று என்பதற்கு அவ்வோடுகளே சான்றாகும். ஓடுகளைக் கொண்டு பழைய வணிகத்தை அறிதல்போல, நம் தெருக்களில் ஓடிய வண்டிகளைக் கொண்டு அவற்றை ஆக்கியோரின் எண்ணங்களையும் அறிதல் கூடும். இக்கட்டுரையும் அத்தகைய ஒரு முயற்சியே.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இலங்கைக்கு வந்த பிரித்தானிய வண்டிகளுள் ஒஸ்ரின், மொறிஸ் மைனர் என்பன யாழ்ப்பாணத்தாருக்கு நன்கு பழக்கமானவை. அவற்றுட் சில இன்றும் அங்கொன்றும் இங்கொன்றுமாக ஓடிக்கொண்டிருக்கின்றன. மொறிஸ் மைனர் ஒன்றின் முன்மூடியைத் தூக்கி உள்ளே நோக்குவோர் ஒரு புதுமையைக் காண்பர். நடுவே ஒடுக்கமான பொறி நிமிர்ந்து நிற்கும். அதன் இருமருங்கிலும், கையைத் தாராளமாக நுழைத்து வேலை செய்யத்தக்க வெற்றிடம் இருக்கும். சிறிய வண்டி ஒன்றில், ஒவ்வோர் அங்குலமும் பணமாகக் கணிக்கப்படும் இடத்தில், இவ்வெற்றிடம் ஏன் விடப்பட்டது? திருத்துவோனின் வசதி கருதி விடப்பட்டது என்று பலர் எண்ணுவர். உண்மை அதுவன்று. அஃது அங்கே வரவிருந்து வாராது போன வேறொரு பொறிக்காக ஒதுக்கப்பட்ட இடமாகும். அப்பொறி யாது, அஃது ஏன் வரவில்லை, பின்னர் எங்கே சென்று நிலைபெற்றது என்பவற்றை ஈண்டு ஆராய்வோம்.

வண்டிகளிற் பெரும்பாலும் காணப்படும் நான்குருளைப் பொறியில் உருளைகள் நான்கும் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே வரிசையில் நிமிர்ந்து நிற்கும். அவற்றினுள்ளே பிஸ்ரன்கள் ஏறியிறங்கிக் கீழேயுள்ள கிறாங்குத் தண்டைச் சுழற்றும். இரண்டு பிஸ்ரன்கள் ஏறும்போது மற்றை இரண்டும் இறங்குமாதலால், ஒன்றன் அதிர்ச்சியை மற்றொன்று முற்றாக அழித்துவிடும் என்று நாம் எதிர்பார்க்கலாம். ஆனால் முற்றாக அழிவதில்லை. பிஸ்ரனையும் கிறாங்கையும் இணைக்கும் தண்டு சாய்ந்து சாய்ந்து வேலை செய்வதனால், கிறாங்குத் தண்டு மேலுச்சியிலிருந்து கால்வட்டம் திரும்பும்போது பிஸ்ரன் தன் பாதையிற் பாதிக்குமேல் இறங்கிவிடுகின்றது. ஆகவே ஏறுவனவும் இறங்குவனவும் எக்கணத்திலும் சரிசமமான வேகமாற்றம் உடையன அல்ல. எஞ்சிய விசை, தண்டு ஒருமுறை சுழல்வதற்குள் இருமுறை பொறியை மேலும் கீழுமாக அசைக்கும். வேகம் கூடுந்தோறும் இவ்வசைவு மிகும்.

இனி, அவ்வுருளைகளை நிமிர்த்தி வைக்காது, கிறாங்குத் தண்டின் இடப்புறம் இரண்டு, வலப்புறம் இரண்டு எனப் படுக்கையாக வைப்போமாயின் நிகழ்வது யாது? கோயிலிலே தாளம் போடுவோனின் இரு கைகளையும் நோக்குக. இரண்டும் ஒரே கணத்தில் அகன்று, ஒரே கணத்தில் நெருங்குகின்றன. ஒரு கையின் வேகம் மற்றக் கையின் வேகத்துக்குச் சமமாகவும் எதிராகவும் உள்ளது. ஆதலால் அவன் உடல் இப்புறமோ அப்புறமோ தள்ளப்படுவதில்லை. படுக்கைப் பொறியில் எதிரெதிராகவுள்ள பிஸ்ரன்கள் அவ்வாறே ஒருங்கு வெளிச்சென்று ஒருங்கு உள்வருகின்றன. இணைக்கும் தண்டுகளின் சாய்வால் எழும் வேறுபாடும் இருபுறமும் ஒன்றாகவே இருத்தலின் அதுவும் அழிந்துபோகின்றது. எதிரெதிரான உருளைகள் முற்றாக நேருக்குநேர் இராது சற்று முன்பின்னாக அமைவதனால் சிறியதோர் ஆட்டம் மாத்திரமே எஞ்சும். எதிர்முகமாக இயங்கும் இவ்வமைப்பு, குத்துச்சண்டை வீரரின் கைகளை நினைவூட்டுதலால் மேனாட்டார் இதனைக் 'குத்துச்சண்டைப் பொறி' என்றும் வழங்குவர். எதிரெதிராக இரண்டு உருளைகளை வைக்கும் முறையைக் கார்ள் பென்ஸ் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே கையாண்டார்.

அமைதியான ஓட்டம் ஒன்றே இதன் பயனன்று. நான்கு உருளைகள் வரிசையாக நிற்கும் பொறியிலும், பக்கத்துக்கு இரண்டாகப் படுக்கும் பொறி நீளத்திற் குறைந்தது. கிறாங்குத் தண்டும் குறுகுவதால் வளையாது உறுதியாக நிற்கும். பொறியின் பாரம் நிலத்துக்கு அண்மையில் அமைவதனால் வண்டி வளைவுகளிற் சாய்வது குறையும். ஆயின், அகலம் மிகும். ஆகவே இப்பொறியை விரும்புவோன் வண்டியின் முன்புறத்தை அகலமாக அமைத்தல் வேண்டும். மொறிஸ் மைனரின் வெற்றிடத்துக்குக் காரணம் இதுவே.

இரண்டாம் உலகப் போர்க்காலத்திலே, போருக்குப் பின் விற்கவேண்டிய சிறிய வண்டி ஒன்றை அமைக்கும் பணி மொறிஸ் கம்பனியில் அலெக் இசிகொனிஸ் என்பாரிடம் ஒப்படைக்கப்பட்டது. அதன் சோதனை வண்டிக்கு 'நுளம்பு' எனப் பொருள்படும் பெயர் இடப்பட்டிருந்தது. அவர் அதற்காக நீராற் குளிரும் படுக்கை நான்குருளைப் பொறியைத் திட்டமிட்டார். உள்நாட்டுக்கு 800 கன சென்ரிமீற்றர், ஏற்றுமதிக்கு 1100 கன சென்ரிமீற்றர் என இரு அளவுகளில் அதனை ஆக்கக் கருதினர். இரண்டளவு வேண்டியதற்குக் காரணம் ஒரு வரிச்சட்டமாகும். அக்காலத்துப் பிரித்தானிய வரி, உருளையின் விட்டத்தை அங்குலத்தில் அளந்து, அதன் வர்க்கத்தை உருளைகளின் தொகையாற் பெருக்கி, 2.5 ஆற் பிரித்து வந்த 'குதிரைவலு'வின்மேல் விதிக்கப்பட்டது. பிஸ்ரன் செல்லும் தூரம் கணக்கிற் சேர்க்கப்படவில்லை. ஆகவே வரிக்கு அஞ்சியோர் விட்டத்தைச் சுருக்கித் தூரத்தை நீட்டினர். நிமிர்ந்த பொறியில் அவ்வாறு செய்தால் உயரமே கூடும். படுக்கைப் பொறியிலோ அகலம் இருபுறமும் கூடும். சட்டத்தின் ஒரு சூத்திரம், பொறியின் வடிவத்தையே தீர்மானிக்கும் வல்லமை உடையதாயிருந்தது என்பது கருதத்தக்கது. அவ்வரிமுறை நீங்கிப் புதிய கார்களுக்கெல்லாம் ஒரே அளவான வரி வந்தது 1948 இலாகும்.

அதே 1948 ஆம் ஆண்டு ஒக்ரோபரில் மொறிஸ் மைனர் இலண்டன் காட்சியில் வெளிவந்தது. ஆயின் படுக்கைப் பொறி அதனுள் இருக்கவில்லை. புதிய பொறியை ஆக்குவதற்கு வேண்டிய செலவும், கம்பனித் தலைவரான நஃபீல்ட் பிரபு இவ்வண்டியில் ஆர்வங் காட்டாமையும் அதற்கு இடையூறாயின. பழைய மொறிஸ் எய்ற் வண்டியிலிருந்த 918 கன சென்ரிமீற்றர் நிமிர்ந்த பொறியே வைக்கப்பட்டது. அகன்ற பொறிக்கென ஒதுக்கிய இடத்தில் ஒடுங்கிய பொறி அமர்ந்தது. வெற்றிடம் எஞ்சியது. எனினும் வண்டி தோற்கவில்லை. 1960 இன் இறுதியில், பத்து இலட்சம் என்னும் எண்ணிக்கையை எட்டிய முதற் பிரித்தானிய வண்டி என்ற பெயரை அது பெற்றது.

இவ்விடத்தில் ஒன்றைத் தெளிவுபடுத்தல் வேண்டும். மொறிஸ் மைனர் பின்சில்லால் இயங்கும் வண்டியாகும். பொறி முன்னே இருக்க, நீண்ட தண்டொன்று வண்டியின் அடிவழியே சென்று பின்சில்லுகளைச் சுழற்றும். மாட்டுவண்டியை மாடு முன்னின்று இழுக்கின்றது. இவ்வகை வண்டியையோ பின்சில்லு பின்னின்று தள்ளுகின்றது. முன்சில்லு இயக்கமாவது மாட்டுவண்டியின் முறையை மீட்பதாகும். பொறியின் பாரம் முழுவதும் இயக்கும் சில்லுகளின் மேலே அழுத்துதலால், மணலிலும் ஈரத்திலும் அவை எளிதில் வழுக்கிச் சுழல்வதில்லை. எத்திசைக்குத் திருப்புகின்றோமோ அத்திசைக்கே வண்டி இழுக்கப்படும். நீண்ட தண்டு வேண்டாமையால் வண்டியின் தளம் தாழ்ந்து, இருப்போருக்கு இடம் பெருகும்.

படுக்கை நான்குருளைப் பொறிக்கும் இம்முறைக்கும் இயற்கையான பொருத்தம் ஒன்று உண்டு. பொறி குறுகியதாதலால் அதனை முன்சில்லுகளின் அச்சுக்கு முன்னே வைத்து, அச்சுக்குப் பின்னே கியர்ப்பெட்டியை வைக்கலாம். இரண்டுக்கும் நடுவே, சில்லுகளுக்கு இயக்கத்தைப் பகிரும் பற்சில்லுத் தொகுதி அமையும். அங்கிருந்து இடச்சில்லுக்கும் வலச்சில்லுக்கும் சமநீளமான தண்டுகள் செல்லும். துலாக்கோலின் இரு தட்டுகள்போல எல்லாம் இருபுறமும் ஒத்திருக்கும். வரிசைப் பொறியை அவ்வாறு நீளவாக்கில் வைத்தால் வண்டியின் மூக்கு மிக நீண்டுவிடும்.

இத்துணைப் பொருத்தமிருந்தும் இவ்விரண்டும் ஒன்றுசேர நெடுங்காலம் ஆயிற்று. தடையாயிருந்தது பொறியன்று, ஒரு மூட்டு. பின்சில்லு நேராக மாத்திரம் ஓடும். முன்சில்லோ ஓடவும் வேண்டும், திரும்பவும் வேண்டும். ஆகவே அதற்கு வலுவைக் கொண்டுசெல்லும் தண்டு வளைந்த நிலையிலும் சுழலவேண்டும். சிலுவை வடிவான பழைய மூட்டினால் இதைச் செய்யலாமெனினும் அதில் ஒரு குறை உண்டு. தண்டு வளைந்திருக்கும்போது, ஒருபுறம் சீராகச் சுழன்றாலும் மறுபுறம் சீராகச் சுழல்வதில்லை. 30 பாகை வளைவில், உள்வரும் வேகம் 100 ஆயின் வெளிச்செல்லும் வேகம் ஏறத்தாழ 87 க்கும் 115 க்கும் இடையே, ஒரு சுற்றில் இருமுறை கூடியும் இருமுறை குறைந்தும் நிற்கும். வளைவில் திரும்பும்தோறும் சாரதியின் கையிலுள்ள திருப்புவளையம் உதறும். தண்டும் சில்லும் விரைவில் தேயும்.

இக்குறையை நீக்கும் சமவேக மூட்டுகள் 1920 களிலே தோன்றின. பிரான்சிலே பெனாய், கிறெகுவார் என்பாரின் 'திறக்ரா' மூட்டும், அமெரிக்காவில் அல்பிறெட் செப்பா என்பார் உருக்குக் குண்டுகளைக் கொண்டு அமைத்த மூட்டும் அவற்றுட் குறிப்பிடத்தக்கன. செப்பாவின் மூட்டிலே, இரு தண்டுகளுக்கும் இடையேயுள்ள குண்டுகள் எப்பொழுதும் வளைவின் கோணத்தைச் சரிபாதியாகப் பிரிக்கும் தளத்திலே நிற்கும். எனவே இருபுறத்து வேகமும் ஒன்றாகும். ஆயினும் இவற்றை மலிவாகவும் நெடுநாள் உழைக்கத்தக்கனவாகவும் பெருந்தொகையில் ஆக்குதல் எளிதாயிருக்கவில்லை.

படுக்கை நான்குருளைப் பொறியை முன்சில்லு இயக்கத்தோடு சேர்க்கும் கருத்தை விடாப்பிடியாகப் பற்றியவர் இத்தாலியரான அன்ரோனியோ பெசியா ஆவர். அவர் அமைத்த செம்சா கப்பிறோனி என்னும் வண்டி 1947 இல் பாரிசு நகரக் காட்சியில் வைக்கப்பட்டது. ஆயின் சிலவே ஆக்கப்பட்டன. பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 1960 இல், லான்சியா கம்பனியின் பிளாவியா என்னும் வண்டியில் அவர் தம் எண்ணத்தை நிறைவேற்றினார். அலுமினியத்தால் ஆகிய 1500 கன சென்ரிமீற்றர்ப் பொறி அது. இதற்கிடையே யேர்மனியின் பிறேமன் நகரில், கோலியாத் கம்பனி 1957 இல் 1100 கன சென்ரிமீற்றர்ப் படுக்கைப் பொறியுடன் முன்சில்லு வண்டியொன்றை வெளியிட்டது. அக்கம்பனி சேர்ந்திருந்த போர்க்வாட் குழு 1961 இல் வீழ்ச்சியுற்றதனால் அம்முயற்சியும் உடன் மறைந்தது. நல்ல பொறி மாத்திரம் ஒரு கம்பனியைக் காப்பதில்லை.

இக்கருத்து நிலையான வீடு கண்டது யப்பானிலாகும். போர்க்காலத்தில் விமானங்களும் விமானப் பொறிகளும் ஆக்கிய நகஜிமா நிறுவனம் போரின் பின் கலைக்கப்பட்டது. அதன் கூறுகள் சில சேர்ந்து 1953 இல் பூஜி கனரகக் கைத்தொழில் நிறுவனம் உருவாயிற்று. அந்நிறுவனத்தின் வண்டிகளே சுபாறு எனப்படுவன. விமானத் தொழிலிலிருந்து வந்த ஷின்றோக்கு மொமோசே என்பார் முதலில் 1958 இல் சுபாறு 360 என்னும் சிறுவண்டியை ஆக்கினார். அதன் பொறி பின்னே இருந்தது. அடுத்துப் பெரிய வண்டி அமைக்க முனைந்தபோது, இருப்போருக்கு இடம் மிகுதியும், பாரம் குறைவும், நிலைபேறும் வேண்டி முன்சில்லு இயக்கத்தையும் படுக்கை நான்குருளைப் பொறியையும் அவர் குழுவினர் தெரிந்தெடுத்தனர். 1960 களின் தொடக்கத்தில் காற்றாற் குளிரும் 1500 கன சென்ரிமீற்றர்ப் பொறியோடு செய்த சோதனை வண்டி விற்பனைக்கு வரவில்லை. அதிற் கற்றவற்றைக் கொண்டு ஆக்கிய சுபாறு 1000 என்னும் வண்டி 1965 இல் அறிவிக்கப்பட்டு 1966 மே மாதத்தில் விற்பனைக்கு வந்தது.

அதன் பொறி 977 கன சென்ரிமீற்றர் அளவினது. உருளையின் விட்டம் 72 மில்லிமீற்றர். பிஸ்ரன் செல்லும் தூரம் 60 மில்லிமீற்றர். தூரம் விட்டத்திலும் குறைந்திருத்தலை நோக்குக. பழைய பிரித்தானிய வரி விரும்பியதற்கு இது நேர்மாறாகும். அகலத்தைக் கட்டுப்படுத்த இதுவே வழி. பொறியின் உடல் அலுமினியம், நீராற் குளிர்வது, வலு 55 குதிரைவலு. பொறியினாற் சுழலும் விசிறியை நீக்கி, றேடியேற்றரை இரண்டாகப் பிரித்துச் சிறிய மின்விசிறி வைத்தனர். முன்பிறேக்குகளைச் சில்லிலிருந்து எடுத்து உள்ளே கியர்ப்பெட்டியருகில் அமைத்தமையால், மேடுபள்ளங்களில் ஏறியிறங்கும் சில்லின் பாரம் குறைந்தது.

இவையெல்லாவற்றிலும் முதன்மையானது மூட்டேயாகும். சில்லு மேலும் கீழும் அசையும்போது, கியர்ப்பெட்டிக்கும் சில்லுக்கும் இடைப்பட்ட தூரம் சிறிது கூடியும் குறைந்தும் மாறும். ஆகவே உட்புற மூட்டு சமவேகத்தில் சுழல்வதோடு நீளவும் குறுகவும் வேண்டும். இதற்காகப் பூஜி நிறுவனத்தார் ரொயோ குண்டுப்போதிகைக் கம்பனியாரோடு கூடிப் புதியவகை மூட்டு ஒன்றை உருவாக்கினர். அதிலுள்ள உருக்குக் குண்டுகள் நேரான பள்ளங்களில் முன்பின்னாக உருண்டு, நீளமாற்றத்தை மிகுந்த உராய்வின்றி ஏற்றுக்கொள்ளும். பொறி எத்துணைச் சிறப்புடையதாயினும், கைப்பிடிக்குள் அடங்கும் இம்மூட்டு இல்லையேல் அவ்வண்டி தெருவுக்கு வந்திராது.

ஐரோப்பாவிலும் இவ்வமைப்பு அடுத்து மலர்ந்தது. சிட்ரோயன் கம்பனி 1970 இல் வெளியிட்ட ஜீ.எஸ். வண்டியின் 1015 கன சென்ரிமீற்றர்ப் பொறி காற்றாற் குளிர்வது. அவ்வகையும் அதன் வழிவந்த ஜீ.எஸ்.ஏ. வகையுமாக இருபது இலட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகள் ஆக்கப்பட்டன. அல்பா றோமியோ கம்பனி நேப்பிள்ஸ் நகரருகே புதிய தொழிற்சாலை அமைத்து ஆக்கிய அல்பாசூட் 1971 இல் வெளிவந்தது. ஒஸ்திரியரான றூடொல்ப் ஹ்றுஸ்கா அமைத்த அவ்வண்டி, தெருவைப் பற்றி ஓடும் திறத்தாற் புகழ்பெற்றது; உடற்றகடு விரைவில் துருப்பிடித்ததனால் இகழும் பெற்றது.

இவ்வாறாயின், இன்று உலகிலுள்ள முன்சில்லு வண்டிகளிற் பெரும்பாலானவை ஏன் படுக்கைப் பொறி உடையன அல்ல என்று மாணவர் வினவலாம். விடை மீண்டும் இசிகொனிசிடமே நம்மை அழைத்துச் செல்கின்றது. மைனரிலே படுக்கைப் பொறியை இழந்த அவர், 1959 இல் மினி என்னும் வண்டியை அமைத்தபோது வேறுவழி கண்டார். வழக்கமான வரிசைப் பொறியையே குறுக்காகத் திருப்பி வைத்து, கியர்ப்பெட்டியை அதன் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டியிற் புகுத்தினார். சில்லுகளுக்குச் செப்பாவின் வழிவந்த மூட்டுகளைப் பொருத்தினார். பத்தடி நீளமே உள்ள வண்டியில் நால்வர் இருக்க இடமுண்டாயிற்று. பின்னர் 1969 இல் பியற் கம்பனியின் 128 என்னும் வண்டி, குறுக்கே வைத்த பொறியின் ஒருபக்கத்தில் கியர்ப்பெட்டியை வைத்து, சில்லுத் தண்டுகளைச் சமநீளமற்றனவாக விட்டது. உலகம் பெரும்பாலும் அவ்வழியையே பின்பற்றியது.

காரணம் வெளிப்படை. படுக்கைப் பொறிக்கு உருளைத்தலை இரண்டு; அவற்றை மூடும் பொதிதட்டும் இரண்டு; வால்வுகளை இயக்கும் உறுப்புகளும் இருபுறமும் வேண்டும். தீப்பொறிச் செருகிகள் பக்கங்களிற் சென்று ஒளித்துக்கொள்ளும். வரிசைப் பொறியில் ஒருமுறை செய்யும் வேலையைப் பலவிடத்து இருமுறை செய்யவேண்டும். ஆக்கும் செலவும் திருத்தும் செலவும் கூடும். இத்துணைச் செலவையும் பொறுத்துச் சுபாறு நிறுவனத்தார் இவ்வமைப்பைக் கைவிடாமைக்கு மற்றொரு பயன் துணைநின்றது. நீளவாக்கில் அமைந்த கியர்ப்பெட்டியின் பின்முனையிலிருந்து ஒரு தண்டை நீட்டினால் பின்சில்லுகளும் இயங்கும். 1972 இல் லியோன் வண்டியில் அவர்கள் அவ்வாறே செய்து நான்கு சில்லு இயக்கத்தைப் பொதுமக்கள் வண்டிக்குக் கொணர்ந்தனர். முன்சில்லுக்கென எண்ணிய வடிவம் நான்கு சில்லுக்கும் தக்கதாயிற்று.

செலவு என்ற காரணத்தை நாம் இகழ்தல் தகாது. 1990 இன் பின் பொருளாதாரத் தடையாற் பெற்றோல் அரிதாகிய காலத்தில், யாழ்ப்பாணக் குடாநாட்டிலே பழைய ஒஸ்ரின்களும் மொறிஸ் மைனர்களும் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோலிற் பொறியைத் தொடக்கிச் சூடேற்றிப் பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். அழுத்தம் குறைந்த எளிய பொறிகளாயிருந்தமையாலும், ஒவ்வோர் உறுப்பும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தமையாலும் அது கைகூடிற்று. புகையும் கரியும் மிகுந்தனவெனினும் நோயாளரும் பிள்ளைப்பேற்றுக்குச் செல்வோரும் அவ்வண்டிகளாலேயே வைத்தியசாலை அடைந்தனர். சிறந்த பொறிக்கென ஒதுக்கிய வெற்றிடத்திலே நின்று திருத்துவோன் தன் கையை நுழைத்தான். ஆக்கியோன் எண்ணாத பயன் அது.

ஆகவே, ஒரு பொறி வெல்வதும் தோற்பதும் அதன் அறிவுச் சிறப்பு ஒன்றனால் ஆவதன்று. வடிவம், அதற்கு வேண்டிய சிறிய உறுப்பு, செலவைத் தாங்கும் வலிமை, வரிச்சட்டம் ஆகிய யாவும் ஒருகாலத்தே ஒருங்கிசைதல் வேண்டும். 1948 இல் இங்கிலாந்தில் அவை இசையவில்லை. 1966 இல் யப்பானில் இசைந்தன. முன்னையது அறிவின் தோல்வியுமன்று. பின்னையது தற்செயலின் வெற்றியுமன்று. இடைப்பட்ட பதினெட்டு ஆண்டுகளிற் பலநாட்டார் பெயர் விளங்கியும் விளங்காமலும் செய்த சிறு திருத்தங்களே அவ்விரண்டையும் பிரிக்கின்றன.

நம் மாணவர் பொறியியலை நூல்களிற் கற்கின்றனர், அது நன்று. ஆயின் தீவகத் தெருவோரத்திலே முன்மூடி திறந்து நிற்கும் பழைய மொறிஸ் மைனரைக் காணும்போது, அதிலுள்ள பொறியை நோக்குவதோடு அமையாது அதன் இருமருங்கிலுமுள்ள வெற்றிடத்தையும் நோக்குவாராக. உள்ளதை மாத்திரமன்றி, இருக்க எண்ணி இல்லாது போனதையும் ஏன் என்று வினவப் பழகுவோரிடமிருந்தே நாளைய ஆக்கங்கள் தோன்றும்.